பரீட்சைக்கு வந்த இருதயம்

எனக்குச் சித்திரம் வராது. பள்ளிக்கூடத்தில் மயிலை வரையச் சொன்னால் கோழி வரும். கோழியை வரையச் சொன்னால் என்ன வரும் என்று எனக்கும் தெரியாது, டிராயிங் மாஸ்டருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட நான் பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு படத்தை மட்டும் அச்சில் வார்த்த மாதிரி வரைவேன். அது மனித இருதயத்தின் படம். ஒரு பக்கம் நீலப் பென்சில், மறு பக்கம் சிவப்புப் பென்சில். அறைகளுக்கும் வால்வுகளுக்கும் கோடு இழுத்து, அம்புக்குறி போட்டு, பெயர் எழுதி முடித்தால் எங்கள் வாத்தியார் நோட்டை உயர்த்தி வகுப்பு முழுவதற்கும் காட்டுவார். "இருதயம் வந்தால் பத்து மார்க் நிச்சயம்டா!" என்பார். இருதயம் என்பது வந்தாலும் வரும், வராமல் போனாலும் போகும் என்ற வகையில்தான் எங்களுக்கு அறிமுகமாயிற்று.

சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அந்த நாளில் பையன் படிப்பது தெருக்கோடி வரையில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் படிக்கவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் என் அத்தை விளக்குத் திரி திரித்துக்கொண்டிருப்பாள். அப்பாவுக்கு மூத்தவள். சிறு வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஆனால் என் பாடங்களில் பாதியைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். அக்பரைப் பற்றிக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லுவாள்.

"இருதயம் நான்கு அறைகளை உடையது. மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு..." என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோது அத்தை திரியைக் கீழே வைத்தாள்.

"நாலு அறையா? நம்ம வீட்டுக்கே மூணு அறைதானேடா ராசா! அத்தனை அறையிலேயும் என்ன வச்சிருக்கு?"

"அதெல்லாம் பரீட்சைக்கு அத்தை. உங்களுக்குப் புரியாது" என்றேன்.

அத்தை சிரித்துவிட்டுத் திரியை எடுத்துக்கொண்டாள்.

அது மார்கழி மாதம். அரைப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஒரு ராத்திரி அத்தை திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். அந்தக் குளிரில் அவள் புடைவை வியர்வையில் நனைந்திருந்தது. நெஞ்சைப் பிசைகிறது என்றாள். இடது தோளைக் குடைகிறது, கை மரத்துப் போகிறது என்றாள். "வாயுதான் அண்ணி, ராத்திரி மொச்சைக் கொட்டை சாப்பிட்டீங்களே" என்று அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். பெருங்காயம் பொரித்துக் கொடுத்தாள். விடிந்ததும் வண்டி கட்டி டாக்டரிடம் அழைத்துப் போகலாம் என்று அப்பா சொன்னார். அத்தை சரி என்று படுத்தாள். அவளுக்கு அந்த ராத்திரி விடியவில்லை.

இவ்வளவும் நடந்தபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அடுத்த அறையில், விளக்கடியில், இருதயத்துக்கு நீலப் பென்சில் தீட்டிக்கொண்டிருந்தேன். அத்தை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. என் நோட்டில் இருக்கும் இருதயமும் பத்தடி தூரத்தில் அத்தையின் மார்புக்குள் துடித்துக்கொண்டிருந்த இருதயமும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முழுப் பரீட்சையில் இருதயம்தான் வந்தது. பத்துக்குப் பத்து வாங்கினேன்.

இந்தச் சமாசாரத்தை நான் ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வைத்தது ஒரு புத்தகத்தின் பெயர். ஒரு நாவலுக்காக யாழ்ப்பாணத்துப் பழைய விவரங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அச்சான தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் ஒன்றைப் புரட்டியபோது, 1852 என்ற வருஷத்துக்கு நேரே இப்படி ஒரு பெயர் இருந்தது: 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'.

முதலில் யாரோ ஒரு சித்தர் பாடிய நூல் என்றே நினைத்தேன். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று தலையிலிருந்து கால் வரைக்கும், காலிலிருந்து தலை வரைக்கும் வருணித்துப் பாடிய பாஷை அல்லவா நம்முடையது? அந்த வாசனை இந்தப் பெயரில் அடித்தது. விசாரித்தால், நூலைத் தமிழில் ஆக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வைத்தியர். மூல நூலோ அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்த பாடப் புத்தகம்! அங்காதிபாதம் என்றால் உடலின் அமைப்பு. சுகரணவாதம் என்றால் உறுப்புகள் வேலை செய்யும் விதம். உற்பாலனம் என்றால் அவற்றைக் கெடாமல் காப்பாற்றும் முறை. இந்த மூன்று சொற்களில் மூன்றாவது சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டையும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது எங்கே போயிற்று?

அதைத் தேடிக்கொண்டு நாம் கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்குப் போய்வர வேண்டும்.

அமெரிக்காவில் சர்க்காரின் செலவில் நடக்கும் முதல் ஹைஸ்கூல் 1821-இல் பாஸ்டன் நகரில் தொடங்கியது. அதில் மனித உடம்பைப் பற்றிய பாடம் உடனே வந்துவிடவில்லை. உடம்பை அறுத்துப் பார்ப்பது வைத்தியக் கல்லூரியில், கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம். இரத்தம் இருதயத்திலிருந்து புறப்பட்டு உடம்பைச் சுற்றி இருதயத்துக்கே திரும்புகிறது என்பதை இங்கிலாந்துக்காரரான வில்லியம் ஹார்வி 1628-இல் எழுதி வெளியிட்டார். அதற்குப் பிறகு இருநூறு வருஷம் ஆகியும் சாமானிய மனிதனுக்கு அது எட்டவில்லை. வைத்தியர்களுக்குத் தெரிந்தால் போதாதா, மற்றவர்களுக்கு எதற்கு என்பதுதான் பொது அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை எதிர்த்து மாசச்சூஸெட்ஸ் மாநிலத்தில் ஒரு மனிதர் கிளம்பினார். ஹொரேஸ் மான் என்று பெயர். 1837 முதல் அம் மாநிலத்துக் கல்வி போர்டின் காரியதரிசியாக இருந்தவர். வருஷா வருஷம் அவர் ஓர் அறிக்கை எழுதுவார். 1842-ஆம் வருஷத்து அறிக்கையில் பெரும் பகுதியை உடலியல் பாடத்துக்காகவே ஒதுக்கினார். அப்போது மாநிலத்துப் பொதுப் பள்ளிகளில் மேல் பாடங்கள் படித்தவர்களின் கணக்கை அவர் கொடுத்திருக்கிறார். அல்ஜீப்ரா படித்தவர்கள் 2,333 பேர். லத்தீன் படித்தவர்கள் 858 பேர். தங்கள் உடம்பைப் பற்றிப் படித்தவர்கள் 416 பேர்! செத்துப்போன பாஷைக்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூட உயிரோடிருக்கும் உடம்புக்குக் கிடைக்கவில்லை. மான் போட்ட விதை வீண் போகவில்லை. 1850-இல் அந்த மாநிலத்தில் உடலியலையும் சுகாதாரத்தையும் பொதுப் பள்ளிகளில் கற்பிப்பதற்கு ஒரு சட்டமே வந்தது.

அந்த நாட்களில் வேறு பலரும் இந்தத் துறையில் இறங்கியிருந்தார்கள். வில்லியம் ஆல்காட் என்பவர் வாத்தியாராக இருந்து வைத்தியரானவர். பள்ளிக்கூடப் பெஞ்சுக்குச் சாய்மானம் வேண்டும் என்று வாதாடியவர். 'நான் குடியிருக்கும் வீடு' என்று குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதினார். வீடு என்று அவர் சொன்னது உடம்பைத்தான். எலும்புகள் தூணும் உத்தரமும், கண்கள் ஜன்னல்கள் என்று கதை போலப் போகும். திருமூலர் உடம்பைக் கோயில் என்றார். அமெரிக்கர் வீடு என்றார். வீட்டு அறைகளைப் பற்றி என் அத்தை கேட்ட கேள்விகூட அந்த வகையைச் சேர்ந்ததுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

பெண்களுக்கு இதைக் கற்பிக்க முயன்றவர்களின் பாடு இன்னும் திண்டாட்டம். 1840-களில் பாலினா ரைட் டேவிஸ் என்ற மாது பாரிஸிலிருந்து ஒரு பெண் உருவப் பொம்மையை வரவழைத்து, உறுப்பு உறுப்பாகக் கழற்றிக் காட்டிப் பெண்களுக்குப் பிரசங்கம் செய்தார். பொம்மையின் மேல் மூடியிருந்த துணியை எடுத்ததும், வந்திருந்த சீமாட்டிகளில் சிலர் முகத்திரையை இறக்கிக்கொண்டார்கள், சிலர் ஓடிப்போனார்கள், சிலர் மூர்ச்சை போட்டு விழுந்தார்கள். தங்களுக்குள் இருப்பதைக் கண்டு தாங்களே மூர்ச்சை போடுவது வேடிக்கைதான். ஆனால் நாம் சிரிப்பதற்கு அவசரப்பட வேண்டாம். நம் பள்ளிக்கூடங்களில் ஒரு குறிப்பிட்ட அத்தியாயம் வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிய வாத்தியார்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் கால்வின் கட்டர். 1807-இல் பிறந்தவர். வைத்தியத் தொழிலோடு, ஊர் ஊராகப் போய் உடலைப் பற்றிப் பேசுவதையும் தொழிலாக வைத்துக்கொண்டார். பேசியதையெல்லாம் தொகுத்துப் பள்ளிகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார். புத்தகத்தின் முகப்பில், இது கல்லூரிகளுக்காகவும் கலாசாலைகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் எழுதப்பட்டது என்று போட்டிருக்கிறது.

குடும்பங்களுக்காக! ஒரு பாடப் புத்தகத்தின் முகப்பில் இந்த வார்த்தையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம் வீடுகளில் பாடப் புத்தகம் பிள்ளையின் பைக்குள் இருக்கும். வருஷம் முடிந்ததும் பழைய பேப்பர்க்காரனிடம் போகும். குடும்பத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கட்டர் சம்பந்தம் வைத்திருந்தார். அவருடைய புத்தகத்தின் அமைப்பு மிகவும் எளிமையானது. எந்த உறுப்பை எடுத்துக்கொண்டாலும் மூன்று பகுதிகள். எலும்பின் அமைப்பு, எலும்பின் தொழில், எலும்பைப் பேணும் முறை. நுரையீரல் என்றாலும் அப்படியே, தோல் என்றாலும் அப்படியே. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கேள்விகள். முதுகெலும்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, மேஜையின் மேல் கவிழ்ந்து எழுதும் பிள்ளையின் முதுகு எப்படிக் கோணும் என்பார். நுரையீரலைச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூட அறைக்குள் காற்று வருகிறதா என்று பார்க்கச் சொல்வார். இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சு அந்த நாட்டுப் பெண்களின் நாகரிகமாக இருந்த காலம் அது. வீனஸ் சிலையின் உருவத்தையும், கச்சுக் கட்டிய நாகரிக மங்கையின் உருவத்தையும் அடுத்தடுத்து வரைந்து காட்டினார். எது இயற்கை, எது விகாரம் என்று பெண்கள் தாங்களே கண்டுகொள்ளட்டும் என்று விட்டார்.

இருதயமும் இரத்தக் குழாய்களும் வரும் இடத்தில் மூன்றாவது பகுதி என்ன தெரியுமா? இரத்தக் குழாய் அறுபட்டால் எந்த இடத்தில் விரலால் அழுத்த வேண்டும், கைக்குட்டையை முடிச்சுப் போட்டுக் குச்சியைச் செருகி எப்படி முறுக்க வேண்டும் என்பது. படம் போட்டிருக்கிறது. என் நோட்டில் இருந்த படத்தைவிட அது அழகில் குறைந்ததுதான். ஆனால் அதில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் நோயாளியின் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்வோருக்கு யோசனைகள். அதன் பிறகு இன்ன விஷத்துக்கு இன்ன மாற்று என்று ஒரு குறிப்பு. வீட்டிலே ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் படித்த பிள்ளை எழுந்து வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது கட்டரின் எண்ணம். அடுத்த அறையில் உட்கார்ந்து படம் போட வேண்டும் என்பது அல்ல.

எழுதியதோடு நிற்கிற பிரகிருதியாகவும் அவர் இல்லை. 1850-களில் அடிமை முறையை எதிர்த்துக் கான்சாஸ் பிரதேசத்துக்குப் போனவர்களோடு போனார். உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, மாசச்சூஸெட்ஸ் 21-ஆவது ரெஜிமெண்டில் ரண வைத்தியராகச் சேர்ந்தார். அவருடைய மகள் காரியும் தகப்பனாரின் ரெஜிமெண்டோடு கப்பலேறிப் போய், காயம் பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தாள். 1862 மார்ச் மாதம் அங்கே காய்ச்சல் கண்டு இறந்தாள். வயது பத்தொன்பது. பணிவிடை செய்வோருக்கு யோசனை எழுதியவரின் குடும்பத்தில் அந்தப் பாடத்தைப் படித்தவள் அவள். குடும்பங்களுக்காக என்ற வார்த்தையை இனிமேல் என்னால் சாதாரணமாக வாசிக்க முடியாது.

கட்டர் வசித்த வாரன் என்ற ஊர் வூஸ்டர் மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில், வூஸ்டர் நகரத்தில் பிறந்தவர்தான் நம் தமிழ் நூலின் ஆசிரியர் சாமுவேல் பிஸ்க் கிரீன். பிறந்தது 1822. அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் நியூயார்க் நகரத்தின் மத்தியப் பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவராகி, பெரிய மனிதர் என்று பெயர் வாங்கினார். தம்பியோ வைத்தியம் படித்துவிட்டு, 1847-இல், இருபத்தைந்தாவது வயதில், யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

அமெரிக்க மிஷன்காரர்கள் யாழ்ப்பாணத்தில் 1816 முதலே இருந்தார்கள். வட்டுக்கோட்டையில் 1823-இல் அவர்கள் நிறுவிய செமினரி பேர் பெற்றது. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம் பிள்ளை அதில் படித்தவர்தான். கிரீன் மானிப்பாயில் வைத்தியசாலை வைத்தார். 1848-இல் சில மாணாக்கர்களைச் சேர்த்து வைத்தியம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். இங்கிலீஷில்தான். அதே சமயத்தில் தாம் தமிழ் கற்றார். நாலே வருஷத்தில் கட்டரின் புத்தகத்தைத் தமிழில் ஆக்கி, மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சிட்டு வெளியிட்டுவிட்டார்.

அவர் மதம் பரப்ப வந்தவர்தான். அதை மறைப்பானேன்? அவரே மறைத்ததில்லை. ஆனால் தமிழர்கள் கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு அரைகுறை வெள்ளைக்காரர்களாக ஆவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. உடையிலும் பாஷையிலும் அவர்கள் தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொற்களுக்கு என்ன செய்தார்? முதலில் தமிழ் நூல்களிலும் பேச்சிலும் சொல் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் வடமொழிக்குப் போவார். அங்கும் கிடைக்காவிட்டால் இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடுவார். அவருடைய இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர்! கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பஸ், லைட், டாக்டர் என்று நாம் நாள் முழுவதும் சட்டைகூடப் போடாமல் வழங்கிக்கொண்டிருக்கிறோமே!

கிரீன் இங்கிலீஷில் கற்பித்த பையன்கள் கெட்டிக்காரர்களாகத் தேறினார்கள். தேறியதும் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, ஊரை விட்டுப் போனார்கள். கிராமத்தில் இருந்தவர்களுக்கு வைத்தியர் இல்லாத குறை அப்படியே இருந்தது. அமெரிக்காவுக்குப் போய் 1862-இல் திரும்பி வந்த கிரீன் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே இருப்பான், தன் ஜனங்களிடம் அவர்கள் பேச்சில் பேசுவான் என்பது அவர் கணக்கு. பாஷைக்காகப் பாஷை என்ற வாதம் இல்லை இது. நோயாளி படுத்திருக்கும் கட்டிலுக்கும் படித்தவன் உட்கார்ந்திருக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் சுவரை இடிக்க வேண்டும் என்ற வாதம்.

அதற்குப் புத்தகங்கள் வேண்டுமே? 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875-இல் 'கெமிஸ்தம்' என்று வரிசையாக வந்தன. மாணாக்கர்கள் சிலர் மொழிபெயர்ப்பில் துணை நின்றார்கள். 1873-இல் உடல்நலம் கெட்டுக் கிரீன் தாய்நாடு திரும்பினார். அங்கே போயும் தமிழை விடவில்லை. பனி பெய்யும் வூஸ்டரில் உட்கார்ந்துகொண்டு, வெயில் காயும் மானிப்பாய்க்காகத் தமிழ்ப் புத்தகம் எழுதினார். 1883-இல் 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது. மறு வருஷம் காலமானார். எல்லாமாகச் சேர்த்தால் அவர் தமிழில் வெளியிட்ட வைத்தியப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். தமது கல்லறையில் தாம் தமிழர்களுக்கு வைத்திய சுவிசேஷகராக இருந்தவர் என்று பொறிக்க வேண்டும் என்று விரும்பினார். அப்படியே பொறித்திருக்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? கட்டர் விரும்பியபடியும் கிரீன் விரும்பியபடியும் நடந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியம் இராது.

அமெரிக்காவில் உடலியல் பாடம் ஜயித்தது. ஜயித்த விதம்தான் விபரீதம். மேரி ஹன்ட் என்ற அம்மையார், பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு பெரிய கிளர்ச்சி நடத்தினார். உடலியலையும், முக்கியமாக மதுவினால் உடம்புக்கு உண்டாகும் கெடுதலையும் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்பது கோரிக்கை. 1882-இல் வெர்மான்ட் மாநிலத்தில் முதல் சட்டம் வந்தது. 1901-க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. நாடு முழுவதும் பிள்ளைகள் உடம்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார்கள். ஆனால் எந்தப் பாடப் புத்தகமும் அம்மையாரின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டியிருந்தது. சம்மதம் வேண்டுமானால் மதுவைப் பற்றிப் போதுமான பக்கங்கள் இருக்க வேண்டும். போதுமான பயமும் இருக்க வேண்டும். 1903-இல் படித்த பெரியவர்கள் அடங்கிய ஒரு குழு ஆராய்ந்து, இந்தப் புத்தகங்கள் சொல்வதில் பல விஷயங்கள் விஞ்ஞானத்துக்குப் பொருந்தாதவை என்று சொல்லிற்று. மதுவுக்கு வக்காலத்து வாங்க எனக்கு உத்தேசம் இல்லை. அது குடும்பங்களை அழித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் தன் உடம்பைத் தெரிந்துகொள்ள வந்த பிள்ளைக்குத் தன் உடம்பைக் கண்டு பயப்படக் கற்றுக் கொடுத்தால், அது எப்படி உற்பாலனம் ஆகும்?

இலங்கையில் நடந்தது வேறு. கொழும்பில் 1870-இல் வைத்தியப் பள்ளி ஏற்பட்டது. அதில் இங்கிலீஷில் போதித்தார்கள். உத்தியோகமும் கௌரவமும் அங்கே இருந்தன. கிரீனுக்குப் பிறகு தமிழில் வைத்தியம் கற்பிப்பது நீடிக்கவில்லை. மானிப்பாயில் அவர் பெயரால் கிரீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. அவர் உண்டாக்கிய சொற்களில் பெரும்பாலானவை வழக்கில் இல்லை. அங்காதிபாதத்தை நாம் உடற்கூற்றியல் என்கிறோம்; சுகரணவாதத்தை உடலியங்கியல் என்கிறோம். இவை அழகான சொற்கள்தான். பழைய சொற்கள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாவது சொல் எதற்காக ஏற்பட்டதோ அந்தக் காரியம் போனதில்தான் வருத்தம். ஏனென்றால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்தது தமிழில்தான்! நான்கு அறைகளும் தமிழிலேயே இருந்தன. பாஷை வந்துவிட்டது, குடும்பம் வரவில்லை. கட்டிலுக்கும் அறைக்கும் நடுவே இருந்த சுவரில் பாஷை ஒரு வரிசைச் செங்கல். அடுத்த வரிசை, பரீட்சை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். கட்டரின் புத்தகத்தை நான் பக்கம் பக்கமாகப் படித்திருந்தால் மட்டும் அத்தை பிழைத்திருப்பாளா? மாட்டாள். இருதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு மாரடைப்பு உண்டாவதையும், அது வந்தும் மனிதன் பிழைத்திருக்கக்கூடும் என்பதையும் சிகாகோ வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல்தான் விவரமாக எழுதினார். கட்டரும் கிரீனும் அதைக் கண்டவர்கள் அல்ல. ஆனால் நான் பத்தாம் வகுப்புப் படித்த காலத்தில் அது வைத்திய உலகத்தில் பழைய செய்தி. நெஞ்சைப் பிசைவதும், இடது தோளுக்கும் கைக்கும் வலி பரவுவதும், குளிரிலும் வியர்த்துக் கொட்டுவதும் எதற்கு அறிகுறி என்று என் பாடத்தில் மூன்றே வரி இருந்திருந்தால் போதும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே வண்டி கட்டியிருப்போம். அப்படிக் கட்டியிருந்தாலும் டவுன் ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைல். மாட்டு வண்டி. ஆகையால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் என் பேத்தி பாடம் படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உரக்கப் படிப்பதில்லை. எட்டிப் பார்த்தேன். அதே படம், இப்போது புத்தகத்திலேயே வர்ணத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நீலப் பென்சிலுக்கு வேலை இல்லை. "இந்த நாலு அறையிலேயும் என்ன வச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"ரத்தம், தாத்தா. இது நுரையீரலுக்குப் போறது, இது உடம்புக்குப் போறது. ஆனா இந்தக் கேள்வி போன வருஷமே வந்துடுச்சு. இந்த வருஷம் வராது."

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அத்தையின் கதையைச் சொன்னேன். நெஞ்சு வலி எப்படி வரும், வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டை விரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, நாடி எங்கே என்று தேடினாள். அகப்பட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

"எவ்வளவு வருது?" என்று கேட்டேன்.

"நடுவிலே பேசாதீங்க தாத்தா, எண்ணிக்கை தப்புது" என்றாள்.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.